திரும்பி வராத லைன் கிளியர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பொறியாளர்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். உற்சாகம் தருவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் 'முதல் பெண்', 'தடைகளைத் தாண்டி', 'சாதனை' என்றெல்லாம் அழகாக எழுதித் தந்திருப்பார்கள். என்னைப் பற்றியே ஒரு மலரில் அப்படிப் போட்டார்கள். படத்தில் நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பேனலுக்கு முன்னால் நிற்கிறேன். அந்தப் படம் எடுத்த சப்-ஸ்டேஷனில்தான் இப்போது நான் சொல்லப் போவது நடந்தது. அதை மலரில் போடவில்லை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு லைன்மேன் செத்துப்போன கதை. அவர் சாகாமல் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை வாய் திறந்து சொல்லவும் செய்தேன். அப்படியும் செத்தார். வேலைக்கு வந்திருக்கிற பெண்களே, உங்களுக்கு இதைவிட உபயோகமான விஷயம் என்னிடம் இல்லை.

நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரி. அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நான் எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றதும் பங்குச் சாமியார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, டீச்சர் டிரெய்னிங்குக்கு அனுப்பலாமே, கான்வென்ட்டிலேயே வேலை கிடைக்குமே என்று கேட்டார். அப்பா எல்லோருக்கும் பயப்படுகிற மனுஷர். ஆனால் நான் பிடிவாதம் பிடித்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுவார். அப்படித்தான் நான் எஞ்சினியர் ஆனேன்.

மின்சார இலாகாவில் சேர்ந்ததும் என்னைச் சேலத்தில் டிராயிங் செக்‌ஷனில் உட்காரவைக்கத்தான் பார்த்தார்கள். பெண்பிள்ளை வெயிலில் கம்பத்தடியில் நிற்பதா என்பது அவர்கள் கவலை. அதற்கு ஒத்துக்கொள்ளாமல் என்னைத் தன் சப்-டிவிஷனுக்குக் கேட்டு வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் வேண்டாம், எஞ்சினியர் ஐயா என்றே சொல்கிறேன். "படிச்ச படிப்பு ஒண்ணுதானே, அப்புறம் என்ன ஆம்பளை பொம்பளை?" என்று மேலே எழுதிப் போராடினார். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பொட்டல் காட்டில் இருந்த அந்த சப்-ஸ்டேஷனில் எனக்கென்று ஒரு கக்கூஸ் கட்டவைத்தார். சிரிக்காதீர்கள். அது கட்டி முடிகிற வரைக்கும் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தேன். அதைக் கவனித்தவர் அவர் மட்டும்தான். நல்ல மனுஷர். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்போதுதான் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் வைத்தார்கள். லைன் இழுக்கிற இடத்துக்கு நான் போனால், பொம்பளை எஞ்சினியரைப் பார்க்கவே நாலு தோட்டத்து ஜனம் கூடிவிடும். ஒரு அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, கரண்டு உங்களையப் புடிக்காதுங்களா?" என்று கேட்டார். "எல்லாரையும் புடிக்குமுங்க" என்றேன். "அப்ப எதுக்குங்க இந்த வேலைக்கு வந்தீங்க?" என்றார். இன்றுவரை இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் நேர்மையானது.

லைன்மேன் பெயர் செங்கோடன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கறுத்த, மெலிந்த உடம்பு. கம்பத்தில் ஏறும்போது மட்டும் வயசு குறைந்துவிடும். வாய் ஓயாமல் கேலி. நான் முதன்முதலாக லைன் கிளியர் கொடுத்தது அவருக்குத்தான்.

லைன் கிளியர் என்றால் கம்பத்தில் ஏறுகிறவருக்காகக் கரண்டை நிறுத்திக் கொடுக்கிற அனுமதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சுவிட்சை இறக்கிவிட்டுக் கைப்பிடியைப் பூட்டி, சாவியைப் பொறுப்பில் இருப்பவர் தன் உடம்போடு வைத்துக்கொள்வார். என்னுடையது இடுப்பில் செருகியிருக்கும். வேலை முடிந்ததும், போன ஆளே நேரில் வந்தோ, வழியில் இருந்த பஞ்சு அரவை மில்லில் ஒரு போன் வாங்கிப் பேசியோ, "லைன் கிளியர் திருப்பிட்டேனுங்க" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் குரல் வராமல் சாவி பூட்டுக்குள் போகக் கூடாது. அவருக்காக வேறு யாரும் பேசக் கூடாது. கட்டின பெண்டாட்டியே வந்து சொன்னாலும் செல்லாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகளில் தண்ணீர் அடியில் கிடந்தது. கரண்டும் தட்டுப்பாடு. ஒவ்வொரு பக்கத்து லைனுக்கும் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று எங்களுக்கே தெரியாது. விவசாயிகள் அந்த முறைக்காக ராத்திரி பகலாக மோட்டார் பக்கத்திலேயே கட்டில் போட்டுக் கிடந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண் முன்னால் பயிர் சுருளும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

சித்திரை வெயில். அன்று கிழக்குப் பக்கத்து லைனுக்கு முறை. காலையில் சுவிட்சைப் போட்டதும் நிற்காமல் தானே இறங்கிவிட்டது. தேடிப் பார்த்ததில் ஒரு கம்பத்தில் பீங்கான் இன்சுலேட்டர் உடைந்திருந்தது. செங்கோடன் வந்தார். கூட ஏற வேண்டிய உதவியாளை வேறொரு லைனுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். "ஒத்தையில போகாதீங்க" என்றேன்.

"அதுக்கு நாளைக்கித்தான் போகோணுமுங்க. அதுக்குள்ள அங்க ஒருத்தனும் உசுரோட இருக்க மாட்டான், கரும்பும் இருக்காது," என்றார். அப்புறம் வழக்கமான கேலி. "அம்மா, சாவிய இடுப்புல வெச்சிருக்கறீங்களா? அதுல என்னையும் சேத்துத்தான் செருகியிருக்கறீங்க. பாத்துக்குங்க."

"போய்ட்டு வாங்க."

"வாரேனுங்க."

தோளில் கயிற்றுச் சுருள், கையில் தூக்குவாளி. சைக்கிளில் போனார்.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். வேலை செய்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போடவில்லையா? கிளை லைனுக்குத் தனி சுவிட்ச் இல்லையா? எர்த் ராடு எங்கள் செக்‌ஷனுக்கே ஒரு ஜோடிதான். அது உதவியாளோடு அந்த இன்னொரு லைனுக்குப் போயிருந்தது. கிளை சுவிட்ச் துருப்பிடித்து நின்று வெகு நாளாகியிருந்தது. வேண்டும் வேண்டும் என்று எழுதிக்கொண்டேதான் இருந்தோம். இருந்ததெல்லாம் ஒரு பூட்டும், ஒரு சாவியும், ஒரு ஆளின் வாய்ச்சொல்லும்.

மதியத்துக்கு மேல் சப்-ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாம் கிழக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். முதலில் நயமாகக் கேட்டார்கள். அப்புறம் குரல் ஏறியது. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒரு பீங்கான மாத்த எத்தன நேரமுங்க? பொம்பளைய ஆபீசரா வெச்சா இப்படித்தான், அடுப்புல ஒலை கொதிக்கறதப் பாக்கற மாதிரி ஒக்காந்துக்கிட்டே இருப்பாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்தேன். பேனலைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தம் கேட்டு எஞ்சினியர் ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் பெரிய தோட்டத்துக்காரர் வந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பஞ்சாயத்தில் அவர் சொன்னால் அதுதான் முடிவு. பொய் சொல்கிற ஆளும் இல்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"வேல முடிஞ்சு போச்சுங்களே. உங்க ஆளு கம்பத்துல இருந்து எறங்கிட்டானுங்க. கவுத்தச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, தூக்குவாளியோட வரப்புல நடந்து போனத நானே பாத்தேனுங்க. இன்னும் எதுக்குக் கரண்டு உடாம இருக்கறீங்க?"

கூட்டம் ஹோவென்றது. எஞ்சினியர் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"செங்கோடன் இன்னும் திருப்பவில்லை சார்," என்றேன்.

"கவுண்டர் பார்த்திருக்கார் அம்மா. கயிறை எடுத்துட்டுப் போயிட்டான்னா வேலை முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்? கயிறு இல்லாம எவன் கம்பத்துல நிப்பான்?"

"இருக்கலாம் சார். அவர் வந்து சொல்லட்டும். மில்லுக்குப் போன் பண்ணிப் பார்த்தேன், அங்கே இன்னும் வரவில்லை. சைக்கிளில் ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம்."

பெரிய தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. வேடிக்கையாகத்தான் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்றேனுங்களா அம்மிணி?"

"பொய்யின்னு சொல்லலைங்க. நீங்க பார்த்தது நிஜம்தான். ஆனா அவர் சொல்லணும்."

பின்னாலிருந்து யாரோ, "அம்மிணிக்கு பயமுங்கோ!" என்றார்கள். மறுபடி சிரிப்பு.

எஞ்சினியர் ஐயாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த முகத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் விதி தெரியும். எனக்கு முன்னாலிருந்தே தெரியும். தனி அறையில் இருந்திருந்தால், 'சரி, ஆளை அனுப்பு' என்று சொல்லியிருப்பார். ஆனால் அங்கே இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பெண், ஊர்ப் பெரியவர் வார்த்தையை நம்பவில்லை, இவர் வார்த்தையையும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாவியைக் கொடும்மா."

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன், என் பொறுப்பு. கொடு."

"சார், வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்."

கை நீட்டியபடி கொஞ்சம் நின்றார். என் இடுப்பிலிருந்து பிடுங்க முடியாதில்லையா? ஆண்பிள்ளையாக இருந்தால் பிடுங்கியிருப்பார். நான் பெண் என்பதால் எனக்குக் கிடைத்த சலுகை அது ஒன்றுதான், அதுவும் ஒன்றுக்கும் உதவவில்லை. அவரிடம் மாற்றுச் சாவி இருந்தது. ஜீப்புக்குப் போய்ப் பையிலிருந்து எடுத்து வந்து, தானே பூட்டைத் திறந்து, தானே சுவிட்சைப் போட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் உறுமியது. கூட்டம் கைதட்டியது. அது அடங்குவதற்குள் பேனலில் முள் ஒரு துள்ளுத் துள்ளி, சுவிட்ச் படாரென்று தானே இறங்கிவிட்டது. அதன் அர்த்தம் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மூவரில் ஒருவர் மட்டும் தெரியாத மாதிரி இருக்கப் பார்த்தார்.

"மரக்கிளை பட்டிருக்கும்," என்று எஞ்சினியர் ஐயா மறுபடி கையைக் கொண்டுபோனார்.

நான் போய்ப் பேனலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. "கையை எடுங்க சார்!" என்று கத்தினேன். கத்தின சத்தத்தில் வாசலில் கூட்டம் அடங்கியது. அவர் கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஜீப்பில் நான் போனேன். செங்கோடன் கம்பத்தின் மேல், இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வர்ணிக்க எனக்கு மனமில்லை. உங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்க வேண்டுகிறேன்.

கம்பத்தடியில் தூக்குவாளி, மூடி திறந்து, நிறையத் தண்ணீரோடு இருந்தது. பக்கத்தில் கயிறு. எதையாவது செய்ய வேண்டும் என்று குனிந்து கயிற்றை எடுத்தேன். பாதிக் கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழையில்லாத ஊரில், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளில், கம்பம் ஏறுகிற கயிறு எப்படி நனையும்? எனக்குப் புரியவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் கேட்டேன்.

"கெணத்துல சேந்தறதுக்குங்க," என்றாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

"எந்தக் கிணறு? இங்கேயே பக்கத்தில் இருக்கிறதே, ராட்டினம், கயிறு, வாளி எல்லாம் இருக்கே?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது தோட்டத்துக் கவுறுங்க அம்மிணி. அதைய அவுங்க தொடப்படாதுங்க. மோட்டார் ஓடுனா வாய்க்கால்ல எல்லாரும் குடிச்சுக்குவோமுங்க, ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. இன்னிக்குத்தான் கரண்டு இல்லீங்களே. அதுக்காட்டித்தான் அக்கட்டால இருக்கற பாழுங் கெணத்துக்குத் தங் கவுத்தையும் தூக்குவாளியையும் எடுத்துக்கிட்டுப் போனாருங்க. குடிச்சுப்போட்டு வந்து மறுக்கா ஏறுனாருங்க."

அவ்வளவுதான் விஷயம். தாகம் எடுத்து இறங்கியிருக்கிறார். இருக்கிற ஒரு கயிற்றையே எடுத்துப் போய்த் தண்ணீர் சேந்தியிருக்கிறார். இடுப்புப் பட்டையை மட்டும் நம்பி மறுபடி ஏறியிருக்கிறார். கயிற்றோடு ஒரு லைன்மேன் நடந்து போனால், வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு இன்னொரு அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும். செங்கோடன் எந்தக் கயிற்றைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று வகுத்து வைத்தவர்களே அவர்கள்தான். தங்கள் வழக்கம் அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. அது கண்ணில் படவே இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்திருந்தோம். எஞ்சினியர் ஐயா அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சில நாளிலேயே கிழவராகியிருந்தார். உட்கார்ந்து, அப்பாவிடம் பேசினார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு ஜீப்பில் எத்தனையோ முறை வந்தவர், பேனல் முன்னால் என்னோடு வாதாடியவர், இந்த விஷயத்தை மட்டும் என் அப்பாவிடம் கேட்டார். பெண் கேட்டு வந்த மாதிரி.

"உங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். செங்கோடன் லைன் கிளியர் திருப்பிட்டு, அப்புறம் சொல்லாமக் கொள்ளாம மறுபடி ஏறிட்டான்னு. ஆபரேட்டர் அப்படித்தான் சொல்லப் போறார். செத்தவனுக்கு இனிமே என்ன நஷ்டம்? எனக்கு மூணு பொண்ணுங்க."

செத்தவருக்கு நஷ்டமில்லைதான். ஆனால் தப்பு அவர் மேல் என்று முடிவானால் அவர் வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. கருணை வேலை என்று அவர் மனைவி இலாகாப் படியேற முடியாது. அவர் பெயர் விதியை மீறிய ஆளின் பெயராக ஆபீசில் நிற்கும். என் இடுப்பில் தன்னையும் சேர்த்துச் செருகிவிட்டுப் போனவர் அவர். அதை எப்படி நான் சொல்வேன்?

எஞ்சினியர் ஐயாவை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா திரும்பி வந்தார். அப்புறம், "அவர் இல்லாட்டி உனக்கு இந்த வேலையே இல்லையேம்மா," என்றார். "ஆமாம்ப்பா," என்றேன். "என்ன பண்ணப் போற?" "நடந்ததைச் சொல்லப் போறேன்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காகவா, அந்த மனுஷருக்காகவா என்று நான் கேட்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்," என்றாள்.

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெரிய தோட்டத்துக்காரர் வந்து, பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆபரேட்டர் மட்டும் தடுமாறித் தடுமாறி, செங்கோடன் திருப்பிய மாதிரி ஞாபகம் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சாவியை ஏன் கொடுக்கவில்லை, பயமா என்று அதிகாரி கேட்டார். ஆமாம், பயம்தான் என்றேன். பயப்படத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கயிற்றைப் பற்றியும் சொன்னேன். செங்கோடன் ஏன் இறங்கினார், ஏன் கயிற்றை எடுத்தார், ஏன் தள்ளியிருந்த கிணற்றுக்குப் போனார் என்று முழுக்கச் சொன்னேன். பெரிய தோட்டத்துக்காரர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இது ஊர் வழக்கம் அம்மா, நம்ம விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது," என்றார். எழுதவில்லை. விபத்துக்குக் காரணமாக அவர் எழுதியவற்றில் தாகம் என்ற வார்த்தையே இல்லை.

ஆபரேட்டர் சொன்னது நிற்கவில்லை. எஞ்சினியர் ஐயாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் நெடுநாள் இருக்கவில்லை. சாவுக்கு நான் போனேன். அந்த மூன்று பெண்களும் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். இன்றைக்கும் அவரை நினைத்தால் துக்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாராட்டு எதுவும் வரவில்லை. என் பாதுகாப்பை உத்தேசித்து என்று சொல்லி என்னைச் சேலத்தில் டிராயிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள், எந்த நாற்காலியிலிருந்து அவர் என்னைக் காப்பாற்றிக் கொண்டுபோனாரோ அதே நாற்காலிக்கு. மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் பிறகு எங்கள் வட்டத்தில் பெண்ணைக் களத்துக்கு எடுக்கவே வெகு காலம் யோசித்தார்கள். "ஒருத்தியை வெச்சுப் பட்டது போதாதா?" என்றார்கள். சுவிட்சைப் போட்டவர் ஆண். போடாதே என்றவள் பெண். பட்டது என்னவோ பெண்ணால் என்று ஆகிவிட்டது. களத்துக்கு நான் திரும்பிப் போனபோது என் தலையில் நரை விழுந்திருந்தது.

செங்கோடனின் மனைவி அத்தாயிக்கு வேலை கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? அதே சப்-ஸ்டேஷனில், பெருக்குகிற வேலை. அந்தப் பேனல் முன்னால்தான் அவர் தினமும் குனிந்து பெருக்க வேண்டும். இப்படி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கொடூரம் என்று நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். காலி இடம் அங்கே இருந்திருக்கும்.

ஒரு முறை வரைபடம் சரிபார்க்க அங்கே போனேன். அத்தாயி என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு வந்தார். அவர் என்னிடம் அழுவார் என்று நினைத்தேன். அல்லது நன்றி சொல்வாரோ என்று கூச்சமாக இருந்தது. இரண்டும் இல்லை.

"அம்மா, உங்களைய ஒண்ணு கேக்கோணுமுங்க. ரொம்ப நாளா மனசுல கெடக்குதுங்க."

"கேளுங்க."

"அன்னிக்கி நீங்க போடாதீங்கன்னு சொன்னீங்கன்னு எல்லாருஞ் சொன்னாங்க. சாவியும் குடுக்கலைன்னு சொன்னாங்க. நெசமுங்களா?"

"நெசம்தாங்க."

"உங்க எடத்துல ஒரு ஆம்பள எஞ்சினியர் நின்னு, அதையே சொல்லியிருந்தா, அந்த ஐயா கேட்டிருப்பாருங்களா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் நழுவியிருப்பேன். அவர் சூழ்நிலை, கூட்டம், முறை, வறட்சி என்று எதையாவது சொல்லியிருப்பேன். அத்தாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்கு எதிரில் சமாளிக்க வரவில்லை.

"கேட்டிருப்பார்," என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சொன்னார்: "அப்ப உங்களாலதானுங்க அம்மா எங்க ஊட்டுக்காரரு போனாரு. உங்க மேல தப்பு இல்லீங்க. நீங்க சொன்னதெல்லாஞ் செரிதானுங்க. ஆனாலும் உங்களாலதானுங்க."

அது சரியில்லை என்று எடுத்துச்சொல்ல உங்களுக்குத் தெரியும். காரணம் யார், குற்றம் யாருடையது என்று அழகாகப் பிரித்துக் காட்டுவீர்கள். எனக்கும் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்தது. அத்தாயி என் கையை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பெருக்கி முடிக்கிற வரைக்கும் நான் வரைபடத்தோடு வாசலிலேயே நின்றேன்.